ரைடிங் மோவர் இன்ஜின்: அடையாளம் காண்பது, கோளாறு பார்ப்பது, மாற்றுவது

வேலூர் பக்கம் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி பெரும்பாலும் கல்லூரி, பள்ளி மைதானங்களிலும், ராணிப்பேட்டை தொழிற்சாலை வளாகங்களிலும், ஏலகிரி விடுதிகளிலும்தான் இருக்கிறது. ஓட்டுகிறவர் தோட்ட வேலைக்குச் சேர்ந்தவராக இருப்பார். சாவி போடவும் பிளேடை இறக்கவும் காட்டிக் கொடுத்திருப்பார்கள், இன்ஜினைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒருநாள் வண்டி நின்றுவிட்டால் "இன்ஜின் போயிடுச்சு" என்று முடிவாகிவிடும், ஆபீசில் புது இன்ஜினுக்குக் கொட்டேஷன் கேட்பார்கள். அப்படி வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் புது இன்ஜின் தேவையே படவில்லை என்பதுதான் என் அனுபவம். தேவைப்பட்ட சிலவற்றிலும் தவறான இன்ஜினை வாங்கி வைத்துக்கொண்டு தவித்தவர்கள் உண்டு. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்த இரண்டு செலவிலும் மாட்டக் கூடாது.

முதலில் நம்பரை எடுங்கள்

சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அது வண்டியின் நம்பர், இன்ஜினின் நம்பர் அல்ல. ஒரே மாடல் வண்டியில் ஒரு வருடம் ஒரு கம்பெனி இன்ஜினும் அடுத்த வருடம் வேறு கம்பெனி இன்ஜினும் வந்திருக்கலாம். அதனால் சீட்டு நம்பரைச் சொல்லிப் பார்ட்ஸ் கேட்டால் கடைக்காரர் எதையாவது எடுத்துக் கொடுப்பார், அது பொருந்தாது.

இன்ஜின் நம்பர் இன்ஜின்மேலேயே இருக்கும். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் (சுருக்கமாக பிரிக்ஸ்) கம்பெனி இன்ஜின் என்றால் மேலே உள்ள தகட்டு மூடியிலோ, வால்வுகளை மூடியிருக்கும் டேப்பட் கவர்மேலோ, ஆயில் ஊற்றும் குழாய்க்குப் பக்கத்து ஸ்டிக்கரிலோ மூன்று எண்கள் வரிசையாக இருக்கும்: மாடல், டைப், கோட். எண்ணெயும் புல்தூளும் சேர்ந்து அதன்மேல் களிம்புபோல ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். கம்பி பிரஷ் போட்டால் ஸ்டிக்கர் கிழிந்துவிடும். தகட்டில் அடித்த எண் தேய்ந்திருந்தால் அதன்மேல் சாக்பீஸைத் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து போட்டோ எடுங்கள், எழுத்து எழும்பித் தெரியும்.

மாடல் எண்ணின் முதல் இரண்டு இலக்கம் இன்ஜினின் கொள்ளளவு, கன அங்குலத்தில். ஒரு கன அங்குலம் 16.4 சிசி. 31 என்று தொடங்கினால் ஏறக்குறைய 500 சிசி, ஒற்றை சிலிண்டர். 40 என்றால் 656 சிசி, 44 என்றால் ஏறக்குறைய 724 சிசி, இரண்டுமே இரட்டை சிலிண்டர். கோட் எண் தயாரித்த தேதியைச் சொல்லும். 150612 என்று தொடங்கினால் 2015 ஜூன் 12. டைப் எண்ணை விட்டுவிடாதீர்கள். புல்லியைச் சுற்றும் ஷாஃப்ட்டின் நீளம், பேட்டரி சார்ஜிங் எந்த வகை என்பதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் மாறும். கோலர் கம்பெனி இன்ஜினில் இதே வேலையைச் செய்வது 'ஸ்பெக்' எண். கவாசாகியில் எஃப்ஆர்691வி என்பதோடு நின்றுவிடாமல் சிறு கோட்டுக்குறிக்கு (-) பின்னால் வரும் எழுத்தும் எண்ணும் சேர்த்து எழுதுங்கள். ஹோண்டாவில் மாடல் பெயரும், இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸில் அடித்திருக்கும் சீரியல் எண்ணும் வேண்டும்.

சாவி திருப்பினால் என்ன ஆகிறது?

கோளாறு பார்ப்பது இந்தக் கேள்வியில் தொடங்க வேண்டும். என்ன சத்தம், எதுவரை சுற்றியது, புகை வந்ததா என்று ஓட்டியவரிடம் பொறுமையாகக் கேளுங்கள். பாதி விடை அவரிடம் இருக்கும்.

ஒரு சத்தமும் இல்லையென்றால் இன்ஜினைத் தொடவே வேண்டாம். மல்டிமீட்டரை பேட்டரியில் வையுங்கள். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். அது சரியாக இருந்தால் ஃபியூஸ், அதன்பின் பாதுகாப்பு ஸ்விட்ச்சுகள். பிரேக் மிதிக்காமலோ பிளேடு லிவர் போட்டபடியோ இருந்தால் இந்த வண்டிகள் ஸ்டார்ட் ஆகாது. பிளேடு ஓடும்போது சீட்டிலிருந்து எழுந்தாலும் நின்றுவிடும். சீட்டுக்கு அடியில் உள்ள ஸ்விட்ச்சின் ஒயரை எலி கடித்ததால் "இன்ஜின் டெட்" என்று முடிவான வண்டிகள் உண்டு. அந்த ஸ்விட்ச்சை நிரந்தரமாக ஷார்ட் பண்ணி ஓட்டுகிற பழக்கம் நம் பக்கம் அதிகம். தயவுசெய்து செய்யாதீர்கள். வண்டி கவிழ்ந்து ஆள் கீழே விழும்போது பிளேடை நிறுத்துவது அது ஒன்றுதான்.

அடுத்தது, நான் அதிகம் பார்க்கிற கோளாறு. "அண்ணா, பேட்டரி புதுசு போட்டாச்சு, செல்ஃப் மோட்டாரும் மாத்தியாச்சு, இன்னும் அரை சுத்து சுத்தி நின்னுடுதுண்ணா" என்று வருவார்கள். "டேப்பட் பாத்தீங்களா தம்பி?" என்று கேட்டால் விழிப்பார்கள். சங்கதி இதுதான். 500 சிசி ஒற்றை சிலிண்டரை முழு அழுத்தத்தோடு சுற்ற சிறிய செல்ஃப் மோட்டாரால் முடியாது. அதனால் ஸ்டார்ட் ஆகும்வரை ஒரு வால்வை மயிரிழை திறந்து வைத்துக் கொஞ்சம் அழுத்தத்தை வெளியேற்ற, வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டில் ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் உள்ள இடைவெளி, தேய்ந்து அதிகமாகிவிட்டால் அந்த ஏற்பாடு வால்வை எட்டாது. பிஸ்டன் மேலே வரும் இடத்தில் மோட்டார் முட்டி நிற்கும். எத்தனை பேட்டரி மாற்றினாலும் நிற்கும்.

இதைச் சரிசெய்ய இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் ஒன்றும் அரைமணி நேரமும் போதும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். டேப்பட் கவரின் போல்ட்டுகளை எடுத்துக் கவரைக் கழற்றுங்கள். பிளக் ஓட்டையில் ஒரு குளிர்பான ஸ்ட்ராவை விட்டு, மேலே உள்ள கனமான சக்கரமான ஃபிளைவீலைக் கையால், மேலிருந்து பார்க்கும்போது கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றுங்கள். ஸ்ட்ரா மேலே ஏறி நிற்கிற இடத்தில் இரண்டு ராக்கரும் தளர்வாக இருக்க வேண்டும். ஒன்று இறுக்கமாக இருந்தால் இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள். பிறகு ஸ்ட்ரா 6 மி.மீ. இறங்கும் அளவுக்கு இன்னும் கொஞ்சம் நகர்த்துங்கள். அழுத்தம் குறைக்கும் ஏற்பாடு அளவைக் கெடுக்காமல் இருக்கத்தான் இந்த 6 மி.மீ. பிரிக்ஸின் ஒற்றை சிலிண்டர் ஓவர்ஹெட் வால்வு இன்ஜினில் கார்புரேட்டர் பக்க வால்வுக்கு 0.10 மி.மீ., சைலன்சர் பக்க வால்வுக்கு 0.15 மி.மீ. வைத்தால் சரியாக இருக்கும். கேஜ் தகடு லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும், இழுக்கக் கூடாது. ராக்கர் நட்டின் நடுவில் உள்ள திருகைப் பூட்டிய பிறகு இரண்டு சுற்று சுற்றி மறுபடி அளந்து பாருங்கள், பூட்டும்போது அளவு நகர்ந்திருக்கும். வேறு கம்பெனி இன்ஜினுக்கு அளவு வேறு. சிலவற்றில் டேப்பட் தானாகவே சரியாகிக்கொள்ளும் வகை, அவற்றில் கை வைக்க வேண்டியதில்லை.

நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் குறை தீப்பொறி தரும் கரண்டிலா, பெட்ரோலிலா என்று பிரியுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி ஒரு சின்ன மூடி அளவு பெட்ரோலை உள்ளே விட்டு, ஃபில்டரைத் திரும்ப மூடிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு நொடி ஓடி நின்றால் கரண்ட் சரி, பெட்ரோல்தான் வரவில்லை. கார்புரேட்டர் கிண்ணத்துக்கு அடியில் ஒயர் போகும் சின்ன சோலினாய்டு (கரண்டில் திறக்கும் அடைப்பான்) இருந்தால், சாவியை ஆன் செய்யும்போது காதை வைத்துக் கேளுங்கள். "டக்" என்ற சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் அது திறக்கவில்லை, பெட்ரோல் ஜெட்டுக்குப் போகாது.

ஒரு நொடிகூடப் பிடிக்கவில்லையென்றால் பிளக்கைப் பாருங்கள். இடைவெளி 0.76 மி.மீ. இருக்க வேண்டும். புது பிளக் போட்டும் கரண்ட் இல்லையென்றால் பிளக்குக்குக் கரண்ட் தரும் காயிலிலிருந்து வரும் நிறுத்து ஒயரைக் கழற்றிவிட்டுச் சுற்றிப் பாருங்கள். அந்த ஒயர் பாடியில் பட்டால் இன்ஜின் நிற்கும், அதற்காகவே இருக்கும் ஒயர் அது. கழற்றியதும் கரண்ட் வந்தால் குற்றம் காயிலில் இல்லை, ஸ்விட்ச்சிலோ ஒயரிலோ இருக்கிறது. பார்த்து முடித்ததும் அந்த ஒயரைத் திரும்ப மாட்டிவிடுங்கள். காயிலே மாற்ற வேண்டியிருந்தால் அதற்கும் ஃபிளைவீலுக்கும் நடுவில் 0.25 முதல் 0.35 மி.மீ. இடைவெளி வேண்டும். கனமான விசிட்டிங் கார்டு ஒன்றை நடுவில் வைத்துப் பூட்டினால் அந்த அளவு வந்துவிடும்.

சூடானபின் நின்று, ஆறினால் ஸ்டார்ட் ஆகிறதா? நின்ற உடனே டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுத்து, உடனே ஸ்டார்ட் ஆனால் மூடியில் உள்ள காற்றுத்துளை அடைத்திருக்கிறது. திறந்தும் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் காயிலைச் சந்தேகப்படுங்கள். இன்ஜின் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஓடினால் கார்புரேட்டரின் சின்ன ஜெட் அடைப்பு, அல்லது கார்புரேட்டருக்கும் சிலிண்டரின் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் காஸ்கெட் காற்று விடுகிறது.

புகையைப் பார்த்துப் பயந்துதான் நிறையப் பேர் இன்ஜினைத் தலைமுழுகுகிறார்கள். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம்: சோக் மாட்டிக்கொண்டது, அல்லது ஃபில்டர் அடைத்தது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆயில் அதிகம் ஊற்றினாலும் வரும், வண்டியைச் சாய்த்து வைத்து பிளேடு மாற்றினாலும் வரும். இவை இரண்டும் இல்லாமல் நீலப் புகை ஓயாமல் வந்து, ஏர் ஃபில்டரும் ஆயிலில் ஊறியிருந்தால் "ரிங் போயிடுச்சு, போர் பண்ணணும்" என்பார்கள். அதற்குமுன் ஹெட் காஸ்கெட்டைப் பாருங்கள். பிரிக்ஸ் ஒற்றை சிலிண்டரில் சிலிண்டருக்கும் ராக்கரைத் தள்ளும் புஷ் ராடு போகும் குழிக்கும் நடுவில் காஸ்கெட் எரிந்து திறந்துகொள்வது சகஜம். எரிந்த அழுத்தம் கிராங்க் கேஸுக்குள் போய், ஆயிலை மூச்சுக்குழாய் வழியாக ஃபில்டருக்குத் தள்ளும். ஹெட்டைக் கழற்றினால் அந்த இடத்தில் காஸ்கெட் கறுத்து அரித்திருப்பது கண்ணுக்கே தெரியும். புது காஸ்கெட் போட்டால் தீர்ந்தது.

டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு தானாக ஏறியிருந்து பெட்ரோல் வாடை அடித்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். கார்புரேட்டர் ஊசி மூடாமல் பெட்ரோல் இறங்கி ஆயிலில் கலந்திருக்கிறது. ஊசியையும் ஆயிலையும் மாற்றிய பிறகே சாவி போடுங்கள்.

பெட்ரோலும் வெயிலும்

இந்தக் கோளாறுகளில் கணிசமானவை பெட்ரோல் பங்கிலிருந்தே வருகின்றன. நம் நாட்டில் 2025-இல் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. பிரிக்ஸ் கையேடு 10 சதவீதம்வரைதான் ஏற்கிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். வண்டி ரெண்டு மாதம் நின்றால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்க் அடியில் தங்கும், கார்புரேட்டர் அங்கிருந்துதான் உறிஞ்சுகிறது. சந்தேகமாக இருந்தால் டேங்க் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் வையுங்கள். கீழே தனியாக ஒரு படலம் கோடு போட்டதுபோல நின்றால் அத்தனையையும் கொட்டிவிடுங்கள். மழைக்காலம் முடிந்து புல் வளர்ச்சி நிற்கும்போது பெட்ரோல் குழாயை மூடி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். மாதம் ஒன்றுக்கு மேல் தேவைப்படும் பெட்ரோலை வாங்கிச் சேர்க்காதீர்கள்.

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்றில் குளிரும் இந்த இன்ஜின்களுக்கு அதுதான் பெரிய சோதனை. மேல் தகட்டு மூடியை வருடம் ஒருமுறையாவது கழற்றி, சிலிண்டர் துடுப்புகளுக்கு நடுவில் அடைந்திருக்கும் காய்ந்த புல்லை மூங்கில் குச்சியால் எடுங்கள். ஹெட் காஸ்கெட் எரிவதற்கு முக்கியக் காரணம் இந்த அடைப்புதான். ஆயில் எஸ்.ஏ.இ. 30 போதும். 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் இடத்தில், அக்னி நட்சத்திர காலத்தில் 25 மணி நேரத்துக்கே மாற்றிவிடுங்கள்.

எப்போது உண்மையிலேயே மாற்ற வேண்டும்

கனெக்டிங் ராடு உடைந்து கிராங்க் கேஸில் ஓட்டை விழுந்தால் பேச்சே இல்லை. வடித்த ஆயிலில் வெள்ளித்தூள் மினுங்கி, உள்ளிருந்து கட்டை தட்டுவதுபோல் சத்தம் வந்தாலும் அதே முடிவுதான். கிராங்க் ஷாஃப்ட் வளைந்தாலும் அப்படியே. கம்ப்ரஷன் கேஜ் காட்டும் எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். மேலே சொன்ன அழுத்தம் குறைக்கும் ஏற்பாட்டால் நல்ல இன்ஜினிலேயே அது குறைவாகத்தான் காட்டும். சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தி எங்கே கசிகிறது என்று கேட்பதுதான் நம்பகமான வழி. டிப் ஸ்டிக் துளையில் காற்று பலமாக வந்தால் ரிங், சைலன்சரில் வந்தால் வால்வு.

புது இன்ஜின் தேர்வு

எத்தனை எச்.பி. என்று கேட்பதைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் ஷாஃப்ட். இந்த வண்டிகளில் ஷாஃப்ட் கீழ்நோக்கி நிற்கும். பரவலாக உள்ள அளவு: விட்டம் 1 அங்குலம், அதாவது 25.4 மி.மீ.; நீளம் ஏறக்குறைய 80 மி.மீ.; புல்லியைப் பூட்டும் கீ 6.35 மி.மீ.; முனையில் 7/16 அங்குல மரை. வெர்னியரால் உங்கள் பழைய ஷாஃப்ட்டை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நம் ஊர் ஹார்டுவேர் கடைகளில் கிடைப்பதெல்லாம் மில்லிமீட்டர் போல்ட். 7/16 துளையில் 12 மி.மீ. போல்ட்டைத் திணித்தால் புது ஷாஃப்ட்டின் மரை முதல் நாளே போய்விடும். பழைய போல்ட்டைப் பத்திரமாக வையுங்கள். புல்லி தேய்ந்திருந்து லேத்தில் புதிதாகச் செய்யக் கொடுத்தால், "25 எம்எம்" என்று வாய்வார்த்தையாகச் சொல்லாதீர்கள், 25.4 என்றும் கீ 6.35 என்றும் தாளில் எழுதிக் கொடுங்கள். காட்பாடி, சிப்காட் லேத்துக்காரர்கள் கைதேர்ந்தவர்கள். கேட்ட அளவை அச்சாகச் செய்து கொடுப்பார்கள், ஆகவே கேட்பது சரியாக இருக்க வேண்டும்.

அடுத்து அடிப்பகுதி போல்ட் துளைகளின் இடைவெளி, சைலன்சர் எந்தப் பக்கம், ஆயில் வடிக்கும் குழாய் எந்தப் பக்கம், ஆக்சிலேட்டர் கேபிளிலேயே சோக் சேர்ந்ததா தனியா என்று பாருங்கள். சார்ஜிங் வகையையும் கவனியுங்கள். பிளேடு கிளட்ச் கரண்டில் வேலை செய்யும் வண்டிக்கு ரெகுலேட்டர் உள்ள சார்ஜிங் வேண்டும், சின்ன சார்ஜிங் போட்டால் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒற்றை சிலிண்டர் இருந்த இடத்தில் இரட்டை சிலிண்டர் வைக்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. பானெட் மூடாது, சைலன்சர் பொருந்தாது, ஒயரிங் வேறு, கியர் பெட்டியும் அந்த வேகத்துக்கு ஏற்றதல்ல. வேண்டாம்.

இதற்குப் பிறகு எச்.பி. பிரிக்ஸ் கையேட்டுக் கணக்குப்படி கடல்மட்டத்துக்கு மேல் 300 மீட்டருக்கு 3.5 சதவீதமும், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 5.6 டிகிரிக்கு ஒரு சதவீதமும் சக்தி குறையும். வேலூரில் 42 டிகிரி வெயிலில் வெப்பத்தால் போவது 3 சதவீதம்தான், பழைய அளவே போதும். ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில் உள்ள ஏலகிரியில் எட்டில் ஒரு பங்கு போய்விடும். அங்கே சரிவும் உண்டு என்பதால், அடிப்பகுதி பொருந்துமானால் ஒருபடி பெரியதை வாங்குவது நியாயம்.

கழற்றுவதும் மாட்டுவதும்

ஆறிய இன்ஜின், சமதளம், வெளிச்சம், துணைக்கு ஒருவர். பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். ஒவ்வொரு ஒயரையும் கேபிளையும் கழற்றுமுன் போட்டோ எடுத்து, டேப் ஒட்டி எண் எழுதுங்கள். பெட்ரோலையும் ஆயிலையும் வடித்துவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடாதீர்கள், கட்டை முட்டுக் கொடுங்கள். நட்டு போல்ட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவு என்பதால் அங்குல சாக்கெட் செட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தலை உருண்டுவிடும்.

முரண்டு பிடிப்பது புல்லிதான். பல வருடத் துருவில் ஷாஃப்ட்டோடு ஒட்டிப்போயிருக்கும். அடி போல்ட்டைக் கழற்றியபின் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் மூன்றுகால் புல்லர் போட்டு மெதுவாக இழுங்கள். சுத்தியலால் கீழிருந்து ஷாஃப்ட்டை அடிக்காதீர்கள். பழைய இன்ஜின் ரிப்பேர் செய்யக்கூடியது என்று பிறகு தெரியவந்தால் அந்த அடியே அதன் பேரிங்கை முடித்திருக்கும். புல்லிகள் எந்த வரிசையில், எந்தப் பக்கம் மேலாக இருந்தன என்பதை எழுதுங்கள். தலைகீழாக மாட்டினால் பெல்ட் உட்காராது.

புது ஷாஃப்ட்டில் லேசாக கிரீஸ் தடவி, கீயை வைத்து, புல்லியைக் கையாலேயே ஏற்றுங்கள். கையால் ஏறவில்லையென்றால் அளவு தவறு. ஒயர்களை மாட்டும்போது நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒயரிங் படத்தைப் பாருங்கள். நிறுத்து ஒயருக்கு பேட்டரி 12 வோல்ட் போய்விட்டால் புது காயில் அந்த நொடியே எரிந்துவிடும்.

புது இன்ஜின் பெட்டியில் ஆயில் இல்லாமல்தான் வரும். இதை மறந்து ஸ்டார்ட் செய்து முதல் நாளே ராடு உடைந்த இன்ஜின்கள் உண்டு. 500 சிசி ஒற்றை சிலிண்டருக்கு ஏறக்குறைய 1.4 லிட்டர் பிடிக்கும். டிப் ஸ்டிக் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஷெட்டுக்குள் வேண்டாம், வெளியே தள்ளி வந்து, பிளேடு போடாமல் சில நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, ஆயில் கசிவு பாருங்கள். மறுபடி முழு ஆக்சிலேட்டரில் பேட்டரியை அளந்தால் 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்பிரிங்கை வளைத்து வேகத்தை ஏற்றாதீர்கள், அதிகபட்சம் 3,600 ஆர்பிஎம்முக்குத்தான் இந்த இன்ஜின்கள். முதல் 5 மணி நேரம் ஓடியதும் ஆயிலை மாற்றுங்கள்.

பழைய இன்ஜினைக் காயலான் கடையில் எடைக்குப் போடுமுன் செல்ஃப் மோட்டார், காயில், கார்புரேட்டர், ரெகுலேட்டர், ஃபிளைவீல் எல்லாவற்றையும் கழற்றி, இன்ஜின் நம்பரை எழுதி ஒட்டி வையுங்கள். சென்னையிலிருந்து பார்ட்ஸ் வரும்வரை வண்டியை நிறுத்தி வைக்காமல் ஓட்ட அவை உதவும். வேறு வளாகத்தில் இதே இன்ஜின் இருந்தால் அவர்களுக்கும் பயன்படும்.